முதல் வரியில் ஒரு 2

1

போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு சொல்லால் என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள இங்கே ஆள் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் இந்தத் தென்ஜெர்மனிச் சிற்றூரில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. சீட்டைக் கிழித்துக்கொண்டு நம் எண் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் சத்தம் போடுவதில்லை, யாரும் முண்டியடிப்பதில்லை. அந்த அமைதியே எனக்குப் பயம். நம்மூர் தாலுகா ஆபீசில் ஒரு கத்தல் கத்தினால் பாதி பயம் போய்விடும். இங்கே அதற்கும் வழியில்லை.

கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. நான் வந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வந்து படிக்கும் மாலைப்பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். போய்ப் பேசினேன், பிடித்துப்போயிற்று. 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருக்கிற நேரம், கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. நான் வேலை பார்க்கலாம் என்று அந்த அலுவலகம் அனுமதி தர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கேட்டார்: "இந்தியாவில் என்ன செய்தீர்கள்?"

கல்லூரியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னேன். இதுவரை சரி. இலவச மென்பொருளை வைத்துக் கற்றுக்கொடுத்தேன் என்று சேர்த்துச் சொன்னால் கெட்டிக்காரி என்று நினைப்பாரே என்று ஆசை. அகராதியில் 'இலவசம்' என்பதற்குப் பார்த்து வைத்த சொல்லை எடுத்துவிட்டேன். "உம்ஸோன்ஸ்ட்," என்றேன். "நான் உம்ஸோன்ஸ்ட் பாடம் நடத்தினேன்."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சம்பளமில்லாமலா? இல்லை, வீணாகவா?"

எனக்குப் புரியவில்லை. 'ஆமாம்' என்றேன். புரியாதபோது ஆமாம் என்று தலையாட்டுவது நம் ஊர்க் குணம். எதை ஆமாம் என்கிறீர்கள் என்று மறுபடி கேட்டார். மறுபடியும் ஆமாம் என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள், அதைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

பள்ளி விட்டு வந்த என் மகன் ஆலனிடம் பஸ் நிறுத்தத்தில் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஒன்றாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வது இப்போது அவன் வழக்கம். "உம்ஸோன்ஸ்ட் என்றால் சும்மா கிடைத்தது என்றும் அர்த்தம், பிரயோஜனமில்லாமல் போனது என்றும் அர்த்தம்," என்று எனக்குப் பாடம் எடுத்தான். "நீ வீணாக டீச்சராக இருந்தேன் என்று சொல்லிவிட்டாய்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை. ஒருவேளை வீண்தானோ என்று எனக்கே எப்போதோ தோன்றியதுண்டு. அதை ஓர் ஆறு வயதுப் பயல் நடுரோட்டில் ஜெர்மனில் சொன்னால் வலிக்காதா?

2

சேரன்மகாதேவிப் பக்கம், வயலுக்கு நடுவே ஒரு பெண்கள் கல்லூரி. பேர் வேண்டாம். அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சியிலிருந்தெல்லாம் பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளைகள். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். உள்ளே பழைய மெஷின்கள், ஓர் ஏ.சி., லேப் உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சி.

'சி' மொழியில் புரோகிராம் எழுதினால், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தர கம்பைலர் என்று ஒன்று வேண்டும். எங்களிடம் இருந்த கம்பைலர் திறந்தால் நீலத் திரை வரும். அதனால் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே நீலம்தான். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி பிளாப்பியில் கைமாறி வந்தது. ஊரெல்லாம் சுற்றிய பிளாப்பி ஒருநாள் வைரஸோடு வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம், மெஷின் ஒவ்வொன்றாகப் படுத்தது.

"அழிச்சுட்டுத் திரும்பப் போட்டாலும் அதே பீடை வந்து நிக்கி மேடம்," என்றார் அண்ணாச்சி. "பிளாப்பியிலேயே இருக்கு. வெசம் கலந்த பால வேற சொம்புல ஊத்துனா சரியாவுமா?"

புதிதாக வாங்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் போய் நின்றேன். "எல்லாக் காலேஜுலயும் இத வச்சுத்தானம்மா ஓட்டுதான்? ஒங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த குறுந்தகடு ஒன்று என்னிடம் இருந்தது. லினக்ஸ். மெஷினையே ஓட்டும் இலவச மென்பொருள், அதற்குள் 'சி' கம்பைலரும் இருந்தது. எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. இப்படியும் ஒரு பைத்தியக்காரக் கூட்டம் உண்டா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் அண்ணாச்சியும் சி.டி. படிக்கும் ஒரே பெட்டியைக் கழற்றிக் கழற்றி ஒவ்வொரு மெஷினாக மாட்டி ஏற்றினோம். கரிய திரை, வெள்ளை எழுத்து.

"என்ன மேடம், எழவு வீடு மாதிரி இருக்கு," என்றார் அண்ணாச்சி.

திங்கட்கிழமை காலை முதலில் வந்து உட்கார்ந்தவள் மாரிச்செல்வி. மாஞ்சோலை மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. போன தடவை இதே பிராக்டிகலில் பயந்துபோய் ஒரு வரியும் அடிக்காமல் எழுந்து போனவள். இப்போது திரும்ப எழுத வேண்டும். அவள் என்னிடம் ஒரு தரம் சொன்னாள்: "இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாவ மிஸ். மேல பேரு பதிஞ்சு எல பறிக்க வேண்டியதுதான். பெறவு கீழ எறங்க முடியாது."

அவள் அழவில்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

3

நான் கடற்கரைக்காரி, வேதக்கோயில் பிள்ளை. எங்கள் வீட்டில் எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் ஒரு சின்னச் சிலுவை போட்டுத்தான் எழுத ஆரம்பிப்போம். என் மாணவிகள் பெரும்பாலும் பிள்ளையார் சுழி போடுகிறவர்கள். ஆனால் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுழி இருந்தது. அதன் பேர் 'கோனியோ'.

நீலக் கம்பைலரோடு வரும் ஒரு கோப்பு அது. திரையைத் துடைப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கான கட்டளைகள் அதற்குள் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் கோனியோவைக் கூப்பிடுவார்கள், பிறகு திரையைத் துடைப்பார்கள், அதன்பிறகுதான் மற்றதெல்லாம். இரண்டு எண்ணைக் கூட்டுவதற்குக்கூட அப்படித்தான். ஏன் என்று கேட்டால் தெரியாது. கேட்டவர்களும் இல்லை, நான் உட்பட.

லினக்ஸில் கோனியோ கிடையாது.

மாதிரித் தேர்வு வைத்தேன். எல்லாத் திரையிலும் ஒரே பதில்: அப்படி ஒரு கோப்பே இல்லை. பிள்ளைகள் முகம் வெளிறிவிட்டது. "ஒண்ணுலயும் ஓடமாட்டேங்கு. புள்ளையாரு பிடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சுட்டே மேடம்," என்று அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். சரி மிஸ் என்றார்கள். மறுபடி அதையே எழுதினார்கள். மனப்பாடம் செய்து எழுதும் கை, முதல் வரியைப் பிடுங்கினால் அடுத்த வரிக்குப் போகாது. திட்டிப் பார்த்தேன். ஒருத்தி கோனியோவை விட்டாள், கூடவே பாதிப் புரோகிராமையும் விட்டாள். தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு வகுப்பையே ஆற்றில் தள்ளிவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மாரிச்செல்விதான் கேட்டாள். "மிஸ், இந்தக் கோனியோங்கது ஆரு எழுதுனது?"

"கம்பெனிக்காரன்."

"நேத்து இதுல ஸ்டுடியோவத் தெறந்து பாத்தேன் மிஸ்." அது இன்னொரு கோப்பு, அதற்குப் பிள்ளைகள் வைத்த பேர் அது. "உள்ள ஒண்ணும் மாயமில்ல. நாம அடிக்க மாதிரி எழுத்துதான் இருக்கு. அப்ப கோனியோவ நாம எழுதக் கூடாதா?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாடு தானே வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. நான்தான் பார்க்கவில்லை. நீலக் கம்பைலரின் கோனியோவையும் திறந்து பார்த்திருக்கலாம். அது நம் கை படலாகாத சாமான் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். திரையைத் துடைக்க மெஷினுக்கு எந்தக் குறியெண்ணை அனுப்ப வேண்டும் என்று நான் தேடிக் கொடுத்தேன். அவள் எழுதினாள். சில வரிகள்தான். கோனியோ என்றே பேர் வைத்து எல்லா மெஷினிலும் போட்டேன். பிள்ளைகளின் கை ஓடத் தொடங்கியது. கட்டளைகள் சரியா என்று பார்த்தேனே தவிர, கோப்பின் தலையில் அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

4

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் பாளையங்கோட்டைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை. விஷயம் தெரிந்தவர். தெரியாதவராக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நீலம் எங்கனம்மா?" என்றார் வந்ததும்.

"இது லினக்ஸ் சார். பாடத்திட்டத்துல சி மொழின்னுதான் இருக்கு. எந்தக் கம்பைலர்னு போடல."

பாடத்திட்டத்தை வாங்கிப் புரட்டினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா ஒரு மெஷினில் உட்கார்ந்து சின்னப் புரோகிராம் ஒன்றை அடித்தார். அவர் கையும் பழக்கத்தில் கோனியோவைக் கூப்பிட்டது. அது ஓடியது. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"லினக்ஸ்ல கோனியோ கெடையாதே. எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோப்பைத் திறந்துவிட்டார். முதல் வரியில், கம்பைலர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்புக்கான அடையாளத்துக்கு நடுவே, ஒரு 2. அதன்கீழே: எழுதியது மாரிச்செல்வி.

"ஆரு இது?"

"நம்ம பிள்ளதான் சார்."

"பரீட்ச எழுதுத பிள்ளையா?"

"ஆமா சார்."

"பரீட்ச எழுதுத பிள்ள எழுதி வச்ச கோப்பு, பரீட்ச மெஷின்ல இருக்கு. எல்லா மெஷின்லயும் இருக்கோ?" அவர் குரல் உயரவில்லை. "அது என்ன ரெண்டு? ரெண்டுன்னா ஒண்ணு எங்க? மூணு எங்க? பிட்டுக்கு நம்பர் போட்டுல்லா வச்சிருக்கிய!"

எனக்குத் தெரியவில்லை. "தெரியாது சார்," என்றேன். சொல்லக்கூடாத பதில் அதுதான்.

அண்ணாச்சி மெஷின் மெஷினாக ஓடி 'ஒன்று' எங்கே என்று தேடினார். இல்லாததைத் தேடத் தேட, எங்கேயோ ஒளித்து வைத்த மாதிரிதான் ஆகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்து எழுதத் தொடங்கினார். அந்தத் தாள் பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஒருத்தி அல்ல, வகுப்பே போகும். மாரிச்செல்விக்கு மலையேறுவதைத் தவிர வழி இருக்காது. நான் எடுத்துப் போட்ட சி.டி.யால் வந்த வினை.

அவளைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள்.

"இந்த ரெண்டு என்னது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடத்துக்கே தெரியலங்காவ. நீயாவது சொல்லுவியா, நான் எழுதவா?"

"ஏட்டி, வாயத் தொறந்து சொல்லேன்!" என்று அண்ணாச்சி பதறினார்.

அவள் உதடு அசைந்தது. "அது ரெண்டு இல்ல சார்."

"பின்ன?"

"உ."

அவள் திரையில் அந்த 2-ஐத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த மெஷின்ல தமிழ் அடிக்க வரல சார். பழைய தமிழ்க் கணக்குல ரெண்டுக்கும் உ-வுக்கும் ஒரே எழுத்துதானே? அதான் ரெண்டு போட்டேன். புள்ளையார் சுழி சார். அது போடாம எப்படி சார் ஆரம்பிக்க?"

அவர் தாளைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். முறைகேடு பற்றிய அறிக்கை என்ற தலைப்பு. அதற்கு மேலே, நடுவில், அவர் கையால் போட்ட ஓர் அழகான உ. பக்கத்திலிருந்த என் வருகைப் பட்டியலின் தலையில் என் சிலுவை.

அவர் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கவில்லை.

"சரி. சுழின்னே வச்சுக்கிடுவோம். எழுதுனது நீதான்னு எப்படி நம்ப? எல்லா மெஷின்லயும் அத அழிங்க. ஏ பிள்ள, நீ உக்காரு. என் கண்ணு முன்னால திரும்ப எழுது. ஓடுச்சுன்னா எல்லாருக்கும் அதையே போட்டு பரீட்ச. ஓடலேன்னா இந்தத் தாளு போவும்."

அழித்தோம். அவள் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று என்னைக் கதவருகே நிற்கச் சொன்னார். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, அவள் முதுகுதான் தெரிந்தது. முதல் வரியை அடிக்க அவள் அவ்வளவு நேரம் எடுத்தாள். சுழியைப் போட்டுவிட்டாள் என்று அப்புறம் விரல் ஓடிய வேகத்தில் தெரிந்தது.

கம்பைலரை ஓட்டினாள். பிழை.

"ஒரு அடைப்புக்குறி விட்டுட்டேன் சார்."

"என்கிட்ட சொல்லாத. திருத்து."

திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். திரையில் இருந்த அவ்வளவு எழுத்தும் ஒரே கணத்தில் மறைந்து, வெறும் கறுப்பு.

"ஏட்டி, எல்லாம் போச்சே!" என்று அலறினார் அண்ணாச்சி.

"போகத்தான் வேணும் அண்ணாச்சி," என்றார் தேர்வாளர். "தெரையத் தொடைக்க கட்டளைல்லா அது." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "பிள்ளேள உள்ள வரச் சொல்லுங்க."

தாளைக் கிழித்துப் போடுவார் என்று பார்த்தேன். இல்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தேர்வு முடிவு வரும்வரை அந்தப் பை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

5

மாரிச்செல்வி தேறினாள். எல்லோரும் தேறினார்கள்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் நிர்வாகம் எங்கிருந்தோ நல்ல பிளாப்பியாகப் பார்த்து நீலக் கம்பைலரைக் கொண்டுவந்துவிட்டது. வம்பே வேண்டாம் என்று லினக்ஸை எல்லா மெஷினிலும் அழித்தார்கள். நான் சண்டை போட்டேன். "சும்மா வந்தது சும்மாதாம்மா இருக்கும்," என்று எனக்குப் பதில் கிடைத்தது. கொஞ்ச நாளில் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டோம்.

ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு தேர்வு. இதைத்தான் வீணாகவா என்று அந்த அம்மாள் கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் ஆமாம் என்றேன்.

இந்த வாரம் முழுவதும் தாளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆலனிடம் எரிந்து விழுந்தேன். அவன் ஏன் என்று கேட்டான். கதையைச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பாதி புரிந்ததோ, முழுக்கப் புரிந்ததோ. பிட் என்றால் என்ன என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான்.

வியாழக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்பாசமுத்திரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் இன்டர்நெட் கடையிலிருந்து மாரிச்செல்வி அனுப்பியிருந்தாள். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய மெஷின்கள். நான் ஊரைவிட்டு வரும்போது அவளிடம் கொடுத்த அந்தக் குறுந்தகட்டைத்தான் அவற்றில் ஏற்றியிருக்கிறாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது:

"மிஸ், ஒரு சந்தேகம். நம்ம கோனியோவப் பிள்ளேளுக்குப் போட்டுக் குடுத்தேன். மேல ரெண்டு எதுக்குன்னு கேட்டாளுவ, சொன்னேன். மறுநா பாத்தா பாத்திமா அத அழிச்சுட்டு 786 போட்டுருக்கா. ஸ்டெல்லா கூட்டல் குறி போட்டுருக்கா, சிலுவையாம். ஒருத்தி மூணையும் போட்டு வச்சிருக்கா, பரீட்ச நேரத்துல எதுக்கு வம்புன்னு. எல்லாருக்கும் கம்பைல் ஆவுது மிஸ். அப்படியே விட்டுரவா, திருத்தச் சொல்லவா?"

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை அந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். 'விட்டுரு' என்று ஒரு சொல் மட்டும் பதில் அடித்தேன்.

6

இன்று செவ்வாய்க்கிழமை. ஆலனுக்குப் பள்ளி விடுமுறை, அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே அமைதி. வழியெல்லாம் 'கொஸ்டன்லோஸ், கொஸ்டன்லோஸ்' என்று ஜெபமாலை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே போனேன். விலையில்லாதது என்பதற்கு அந்தச் சொல் போதுமாம். அதற்கு வேறு அர்த்தமே இல்லையாம். ஆலன் சொல்லிக்கொடுத்தது.

கண்ணாடிக்கு அடியில் தாளைத் தள்ளினேன். அந்த அம்மாள் அதைப் படிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சொல்லுங்கள். சம்பளமில்லாமலா, வீணாகவா?"

"சம்பளம் வாங்கினேன். மென்பொருள்தான் கொஸ்டன்லோஸ். வீணாகவில்லை."

கடைசிச் சொல் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தாளைக் கையில் எடுத்தார். ஒருபக்கக் கட்டுரை, நான் வாசிக்கக் கேட்டுத் தப்புத் திருத்தியது என் மகன். படிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். பேனாவால் தாளின் தலையைத் தட்டினார்.

"இது இரண்டாம் பக்கம். முதல் பக்கம் எங்கே?"

அங்கே என் சிலுவை இருந்தது. அதன் பக்கத்தில், மாரிச்செல்வி மாதிரி நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போட்ட ஒரு 2.

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெர்மன் எல்லாம், திரையைத் துடைத்த மாதிரி, ஒரு கணத்தில் போய்விட்டது. பேனா தாள்மேல் காத்துக்கொண்டிருந்தது. அப்போது ஆலன் நுனிக்காலில் எம்பி, மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே, சுத்தமான தமிழில் சொன்னான்:

"அது ரெண்டு இல்ல. உ."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டுரையை மட்டும் கடைசிவரை படித்தார். பிறகு தாளைக் கோப்போடு சேர்த்துப் பிணைத்து, அனுமதி முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.